பிரான்ஸ் பெர்டினாண்ட்

பிரான்ஸ் பெர்டினாண்ட் (டிசம்பர் 18, 1863 - ஜூன் 28, 1914) ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பட்டத்து இளவரசர் ஆவார். பேரரசர் முதலாம் பிரான்ஸ் ஜோசப்பின் தம்பி மகனான இவர், 1914 ஆம் ஆண்டு ஜூன் 28 ஆம் நாள் பொஸ்னியாவின் தலைநகரான சாரயேவோவில் தம் மனைவி சோபியுடன் சுட்டுக் கொல்லப்பட்டார். இக்கொலையைக் காரணம் காட்டி ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் தொடுத்தது. கொலை நடந்து 37 நாட்களுக்குள் ஜெர்மனி, ரஷ்யா, பிரான்ஸ், பிரித்தானியா ஆகிய நாடுகளும் போரில் இறங்கின. முதலாம் உலகப் போர் என அறியப்படும் இப்போரில் ஏறத்தாழ 90 இலட்சம் போர்வீரர்கள் உயிரிழந்தனர்.

இவருடைய வாழ்வை விடச் சாவே வரலாற்றில் அதிகம் பேசப்படுகிறது. ஆயினும், செர்பியாவுடன் போர் கூடாது என வியன்னா அரசவையில் வாதிட்டு வந்தவர்களுள் முதன்மையானவர் இவரே என்பது குறிப்பிடத்தக்கது.

பிறப்பும் இளமையும்

பிரான்ஸ் பெர்டினாண்ட் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பிறந்தார். தந்தை கார்ல் லுட்விக், பேரரசரின் தம்பி. தாய் மரியா அனுன்சியாட்டா, இத்தாலியின் தென்பகுதியை ஆண்ட இரு சிசிலிகள் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். 1871 இல் தாய் காசநோயால் இறந்தபோது இவருக்கு வயது ஏழு. 1873 இல் தந்தை போர்த்துக்கல் அரச குடும்பத்தைச் சேர்ந்த மரியா தெரேசாவை மணந்தார். சிற்றன்னைக்கும் இவருக்கும் எட்டு ஆண்டுகளே வயது வேறுபாடு. எனினும் அவர் மூத்தாளின் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாகவே வளர்த்தார். பிற்காலத்தில் அரச குடும்பமே எதிர்த்த இவருடைய திருமணத்திற்குத் துணை நின்றவரும் அவரே.

1875 இல் இத்தாலியின் மொதெனா நாட்டு முன்னாள் கோமகன் ஐந்தாம் பிரான்சிஸ் வாரிசின்றி இறந்தார். தம் பெயருடன் எஸ்தே என்னும் குடிப்பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் அவருடைய பெருஞ்செல்வம் பிரான்ஸ் பெர்டினாண்டுக்குக் கிடைத்தது. இதனால் 12 வயது நிரம்புவதற்கு முன்பே இவர் பேரரசின் பெரும் செல்வந்தர்களுள் ஒருவரானார்.

ஹாப்ஸ்பர்க் குடும்பத்து ஆண்களின் வழக்கப்படி இவரும் படையில் சேர்ந்தார். 14 வயதில் துணை அதிகாரிப் பதவி பெற்றார். 1890 முதல் ஹங்கேரியின் சோப்ரான் நகரில் இருந்த ஒரு குதிரைப்படைப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். ஹங்கேரிய உயர்குடியினர் மீது இவருக்கு ஏற்பட்ட வெறுப்பு அங்கு வேரூன்றியது. அவ்வெறுப்பு இறுதிவரை தணியவில்லை.

அரியணை வாரிசாதல்

பிறப்பால் இவர் அரியணைக்கு உரியவர் அல்லர். பேரரசரின் ஒரே மகன் ருடோல்ப் 1889 ஜனவரி 30 இல் மேயர்லிங் வேட்டை மாளிகையில் தம் காதலியுடன் இறந்து கிடந்தார். அவர் தற்கொலை செய்துகொண்டார் என்பது பின்னர் தெரியவந்தது. முறைப்படி பேரரசரின் தம்பியான கார்ல் லுட்விக்கே அடுத்த வாரிசு என்றாலும், அனைவரது பார்வையும் அவருடைய மூத்த மகனான பிரான்ஸ் பெர்டினாண்ட் மீது திரும்பியது. 1896 இல் கார்ல் லுட்விக் நச்சுக் காய்ச்சலால் இறந்தார். அதன்பின் இவரே வாரிசானார்.

அக்காலத்தில் இவர் காசநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். எகிப்து முதலிய வெப்பமான இடங்களுக்குச் சென்று சிகிச்சை பெற்றார். இவர் பிழைக்கமாட்டார் எனக் கருதிய அரசவையினர் பலர் இவருடைய தம்பி ஓட்டோவை வாரிசு போல நடத்தத் தொடங்கினர். நோயிலிருந்து மீண்டு வந்த இவர் அதனை மறக்கவில்லை. எளிதில் சினம் கொள்பவர், எவரையும் ஐயத்துடன் பார்ப்பவர் என்று இவரைப் பற்றிக் கூறப்படுவதற்கு இவ்வனுபவமும் ஒரு காரணம் எனலாம்.

உலகப் பயணம்

1892 டிசம்பரில் திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து கைசரின் எலிசபெத் என்னும் போர்க்கப்பலில் இவர் உலகப் பயணம் மேற்கொண்டார். 1893 ஜனவரியில் இலங்கைக்கு வந்தார். பின்னர் பம்பாய், ஐதராபாத், ஆக்ரா, கல்கத்தா முதலிய இந்திய நகரங்களுக்குச் சென்றார். சிங்கப்பூர், ஜாவா, ஆஸ்திரேலியா, ஜப்பான் வழியாக வட அமெரிக்கா சென்று, அதே ஆண்டு அக்டோபரில் நாடு திரும்பினார். இப்பயண நாட்குறிப்புகள் பின்னர் இரு தொகுதிகளாக வெளியிடப்பட்டன. வழியில் இவர் சேகரித்த ஆயிரக்கணக்கான பொருட்கள் வியன்னாவின் இனவியல் அருங்காட்சியகத்தில் உள்ளன.

வேட்டையில் இவருக்கு அளவுகடந்த ஈடுபாடு இருந்தது. இவரே பேணிய குறிப்புகளின்படி, வாழ்நாளில் சுட்டு வீழ்த்திய விலங்குகள், பறவைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 2,74,000 ஆகும். பொகேமியாவில் இவர் 1887 இல் வாங்கிய கோனோபிஷ்டே கோட்டையின் சுவர்களை வேட்டை நினைவுப் பொருட்களே நிறைத்திருந்தன. அதே கோட்டையைச் சுற்றி ரோஜாத் தோட்டம் ஒன்றையும் இவர் அமைத்தார்.

திருமணம்

சோபி கோட்டெக் பொகேமியாவின் பழைய உயர்குடி ஒன்றைச் சேர்ந்தவர். எனினும் ஆளும் அரச குடும்பங்களில் பிறந்தவரையே ஹாப்ஸ்பர்க் இளவரசர்கள் மணக்க முடியும் என்பது விதி. சோபி, இசபெல்லா என்னும் ஹாப்ஸ்பர்க் இளவரசியின் தோழியாகப் பணிபுரிந்து வந்தார். பிரான்ஸ் பெர்டினாண்ட் அவ்வீட்டுக்கு அடிக்கடி வருவது தம் மகள்களுள் ஒருத்திக்காக என்றே இசபெல்லா எண்ணியிருந்தார். ஒருநாள் இளவரசர் டென்னிஸ் ஆடுகளத்தில் மறந்துவிட்டுச் சென்ற கடிகாரப் பேழையைத் திறந்தபோது அதனுள் சோபியின் படம் இருந்ததாக ஒரு கதை வழங்குகிறது.

பேரரசர் ஒப்புதல் தர மறுத்தார். இளவரசரும் விட்டுக்கொடுக்கவில்லை. இறுதியில், சமனற்ற திருமணமாக இதனை ஏற்பதென முடிவாயிற்று. சோபி பேரரசியாக முடியாது, பிள்ளைகளுக்கு அரியணை உரிமை கிடையாது என்பன இதன் பொருள். 1900 ஜூன் 28 இல் வியன்னாவின் ஹாப்பர்க் அரண்மனையில், குடும்பத்தினர், அமைச்சர்கள், சமயத் தலைவர்கள் முன்னிலையில் இவர் இதனை உறுதிமொழியாக ஏற்றுக் கையொப்பமிட்டார். சரியாக 14 ஆண்டுகள் கழித்து, அதே ஜூன் 28 இல் இருவரும் கொல்லப்பட்டனர்.

1900 ஜூலை 1 இல் பொகேமியாவில் திருமணம் நடைபெற்றது. பேரரசரோ, மணமகனின் தம்பியரோ கலந்துகொள்ளவில்லை. சிற்றன்னை மரியா தெரேசாவும் அவருடைய இரு மகள்களும் மட்டுமே வந்திருந்தனர். இவர்களுக்கு சோபி (1901), மேக்சிமிலியன் (1902), எர்னஸ்ட் (1904) என மூன்று பிள்ளைகள் பிறந்தனர்.

அரசவை விழாக்களில் சோபி கணவருடன் சேர்ந்து நடக்க முடியாது. வரிசையில் இளவரசிகள் அனைவருக்கும் பின்னால், தனியே வரவேண்டும். அரச வண்டியிலும் நாடக அரங்கின் அரச மாடத்திலும் கணவருக்கு அருகில் அமர முடியாது. இவ்வவமதிப்புகள் இளவரசரை மிகவும் வருத்தின. வெளி உலகில் கடுமையானவர் எனப் பெயர் பெற்ற இவர், வீட்டில் அன்பான கணவராகவும் தந்தையாகவும் இருந்தார் என்பதில் வரலாற்றாளரிடையே கருத்து வேறுபாடு இல்லை.

அரசியல் கருத்துக்கள்

1867 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பேரரசு, ஆஸ்திரியா, ஹங்கேரி என இரு பகுதிகளாக ஆளப்பட்டது. ஜெர்மானியரும் ஹங்கேரியரும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டனர். செக்கர், போலந்தியர், உக்ரைனியர், ருமேனியர், குரோவாசியர், செர்பியர், ஸ்லோவேனியர், ஸ்லோவாக்கியர், இத்தாலியர் முதலிய பிற மக்களுக்கு அவ்வளவு பங்கு இல்லை.

இவ்வமைப்பு நீடித்தால் பேரரசு சிதறும் என பிரான்ஸ் பெர்டினாண்ட் கருதினார். வியன்னாவின் பெல்வெடியர் மாளிகையில் இவர் அமைத்த படைத்துறை அலுவலகம், பேரரசரின் அரசுக்கு இணையான மற்றோர் அதிகார மையமாக வளர்ந்தது. பல்வேறு இனத்தலைவர்களும் அங்கு வந்து சென்றனர். தென் ஸ்லாவியருக்கு மூன்றாவது அரசு ஒன்றை ஏற்படுத்தும் திட்டம் அங்கு ஆராயப்பட்டது. ருமேனியரான ஆரெல் பொப்போவிச் 1906 இல் முன்வைத்த, பேரரசை மொழிவழி மாநிலங்களின் கூட்டாட்சியாக மாற்றும் திட்டமும் ஆராயப்பட்டது. எந்தத் திட்டத்தையும் இவர் இறுதியாக ஏற்கவில்லை. ஹங்கேரிய உயர்குடியினரின் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார்.

இவரைச் சனநாயகவாதி எனக் கொள்வது தவறாகும். மன்னராட்சியிலும் கத்தோலிக்கச் சமயத்திலும் ஆழ்ந்த பற்றுடையவர். ஹங்கேரியர், யூதர், இத்தாலியர் பற்றி வெறுப்பான கருத்துக்களைக் கொண்டிருந்தார். மக்களின் உரிமைக்காக அன்றி, அரச குடும்பத்தின் ஆட்சியைக் காப்பதற்காகவே இவர் சீர்திருத்தங்களை நாடினார்.

செர்பியா பற்றிய நிலைப்பாடு

பொஸ்னியா-ஹெர்செகோவினா 1878 வரை ஓட்டோமான் பேரரசின் பகுதியாக இருந்தது. அவ்வாண்டு பெர்லின் மாநாட்டின் முடிவுப்படி ஆஸ்திரியா-ஹங்கேரி அதன் ஆட்சியை ஏற்றது. 1908 இல் அதனைத் தன்னுடன் முறையாக இணைத்துக்கொண்டது. அங்கு வாழ்ந்தவர்களுள் கணிசமானோர் செர்பியர் என்பதால் அண்டை நாடான செர்பியாவில் கடும் எதிர்ப்பு எழுந்தது. 1912-13 பால்கன் போர்களில் வெற்றி பெற்ற செர்பியா ஏறத்தாழ இரு மடங்கு பெரிதாகியது. அதன் வளர்ச்சி வியன்னாவை அச்சுறுத்தியது.

படைத் தலைமை அதிகாரி கான்ராட் வான் ஹெட்சென்டோர்ப், செர்பியாவை உடனே தாக்கி அழிக்க வேண்டும் என்று ஓயாது வலியுறுத்தினார். 1913 ஆம் ஆண்டில் மட்டும் 20 முறைக்கு மேல் அவர் இவ்வாறு பரிந்துரைத்தார். 1906 இல் அவரை அப்பதவிக்குக் கொண்டுவந்தவர் பிரான்ஸ் பெர்டினாண்டே ஆவார். ஆனால் போர் பற்றிய கேள்வியில் இருவரும் முரண்பட்டனர். 1912 இறுதியில் சிறிது காலம் தடுமாறினாலும், மற்ற சமயங்களில் இளவரசர் போருக்கு எதிராகவே நின்றார்.

இவரது வாதம் எளிமையானது. செர்பியாவைத் தாக்கினால் ரஷ்யா வரும். ரஷ்யாவுடன் போரிட்டால் வென்றாலும் தோற்றாலும் ஆஸ்திரியப் பேரரசர், ரஷ்யப் பேரரசர் ஆகிய இருவரது அரியணையும் கவிழும். பேரரசின் உள்நாட்டுச் சிக்கல்கள் தீரும்வரை அதற்கு அமைதி தேவை. செர்பியாவின் மீது அன்பு கொண்டு இவர் இதைச் சொல்லவில்லை. எனினும் இவ்வாதத்தை அடுத்த வாரிசு என்ற தகுதியுடன் எடுத்துரைக்கக் கூடியவர் இவர் ஒருவரே.

இவரது சீர்திருத்தத் திட்டங்களும் செர்பியத் தேசியவாதிகளுக்கு உவப்பாக இல்லை. பேரரசுக்குள்ளேயே தென் ஸ்லாவியர் நிறைவடைந்துவிட்டால், அவர்களைச் செர்பியாவுடன் இணைக்கும் கனவு கலைந்துவிடும். இவர் செய்யவிருந்த சீர்திருத்தங்கள் தென் ஸ்லாவியரின் ஒற்றுமைக்குத் தடையாக இருந்திருக்கும் என்பதைக் கொலைக்கான காரணங்களுள் ஒன்றாகக் கொலையாளி பிரின்சிப் பின்னர் நீதிமன்றத்தில் கூறினார்.

சாரயேவோ பயணம்

1913 இல் இவர் பேரரசின் படைகள் அனைத்திற்கும் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். அப்பொறுப்பில், பொஸ்னியாவில் 1914 ஜூன் 26, 27 ஆகிய நாட்களில் நடைபெற்ற படைப் பயிற்சிகளைப் பார்வையிடச் சென்றார். பயிற்சிக்குப் பின் 28 ஆம் நாள் சாரயேவோ நகருக்கு வருகை தரவும் ஏற்பாடாகியது. படை அதிகாரி என்ற முறையில் செல்வதால் அங்கு சோபி இவருக்கு அருகில் அமர்ந்து செல்ல முடிந்தது.

தேர்ந்தெடுக்கப்பட்ட நாள் சிக்கலானது. ஜூன் 28 செர்பியரின் புனித விட்டஸ் திருநாள் ஆகும். 1389 இல் ஓட்டோமான் படைகளுக்கு எதிராக நடந்த கொசோவோ போரைச் செர்பியர் அந்நாளில் நினைவுகூர்வர். பாதுகாப்பும் போதுமானதாக இல்லை. 1910 இல் பேரரசர் இந்நகருக்கு வந்தபோது தெருவெங்கும் படைவீரர்கள் நிறுத்தப்பட்டிருந்தனர். இளவரசரின் வருகைக்கு ஏறத்தாழ 120 காவலர்களே இருந்தனர். இளவரசர் செல்லும் வழி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. ஏற்பாடுகளுக்குப் பொறுப்பானவர் பொஸ்னியாவின் ஆளுநர் தளபதி ஆஸ்கர் பொட்டியோரெக் ஆவார்.

இதற்கிடையே, பொஸ்னியாவைச் சேர்ந்த இளைஞர் சிலர் இளவரசரைக் கொல்லத் திட்டமிட்டிருந்தனர். அவர்களுள் காவ்ரிலோ பிரின்சிப், நெடெல்கோ சாப்ரினோவிச், திரிப்கோ கிராபெஸ் ஆகிய மூவரும் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஆயுதங்களைப் பெற்றனர். கருங்கை எனப்பட்ட இரகசிய அமைப்பைச் சேர்ந்தோர் அவர்களுக்கு நான்கு கைத்துப்பாக்கிகளையும் ஆறு குண்டுகளையும் தந்து, எல்லையைக் கடக்கவும் உதவினர். செர்பிய உளவுத்துறைத் தலைவர் திராகுதின் திமித்ரியேவிச்சே அவ்வமைப்பின் தலைவராகவும் இருந்தார். சாரயேவோவில் தனிலோ இலிச் என்பவர் மேலும் மூவரைச் சேர்த்தார்.

கொலை

ஜூன் 28 ஞாயிற்றுக்கிழமை காலை, மில்யாக்கா ஆற்றங்கரைச் சாலை வழியாக இளவரசரின் கார் அணிவகுப்பு நகர மன்றத்தை நோக்கிச் சென்றது. கொலைத் திட்டத்தினர் சாலையோரமாகப் பிரிந்து நின்றனர். முதலில் நின்ற முகமது மெகமெத்பாசிச் எதுவும் செய்யவில்லை. அடுத்து நின்ற சாப்ரினோவிச் குண்டை வீசினார். அது இளவரசரின் காரின் மடக்கப்பட்ட துணிக்கூரையில் பட்டு விழுந்து, பின்னால் வந்த காரின் அடியில் வெடித்தது. சுமார் 20 பேர் காயமடைந்தனர். சாப்ரினோவிச் நஞ்சை விழுங்கி ஆற்றில் குதித்தார். நஞ்சு வேலை செய்யவில்லை. கோடைக்காலம் என்பதால் ஆற்றிலும் ஆழமில்லை. அவர் பிடிபட்டார்.

நகர மன்றத்தை அடைந்த இளவரசர், வரவேற்புரை படிக்கத் தொடங்கிய நகரத் தலைவரை இடைமறித்துச் சினந்தார். பின்னர் அமைதியடைந்து தம் பதிலுரையைப் படித்தார். அவ்வுரைத் தாள் காயமடைந்தவரின் இரத்தத்தால் நனைந்திருந்தது. மேற்கொண்டு திட்டமிட்ட நிகழ்ச்சிகளை விடுத்து, மருத்துவமனையில் உள்ள காயமடைந்த அதிகாரியைப் பார்க்கச் செல்லலாம் என்று இளவரசர் முடிவு செய்தார். நகரின் உட்தெருக்களைத் தவிர்த்து ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகச் செல்வது என்று தீர்மானிக்கப்பட்டது. ஆனால் இம்மாற்றம் ஓட்டுநர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை.

முன்னால் சென்ற கார் பழைய திட்டப்படி இலத்தீன் பாலத்தின் அருகே வலப்புறம் திரும்பியது. இளவரசரின் ஓட்டுநரும் திரும்பினார். தவறான வழி என்று பொட்டியோரெக் கூவியதும் அவர் காரை நிறுத்தினார். அவ்விடத்தில் நின்றிருந்தார் பிரின்சிப். இளவரசரைக் காக்கவென்று கார் உரிமையாளரான ஹாராக் பிரபு காரின் இடப்புற மிதிபலகையில் நின்றுகொண்டிருந்தார். பிரின்சிப்போ வலப்புறம் நின்றார். சில அடித் தொலைவிலிருந்து இருமுறை சுட்டார். ஒரு குண்டு இளவரசரின் கழுத்திலும் மற்றொன்று சோபியின் வயிற்றிலும் பாய்ந்தது. பிள்ளைகளுக்காக உயிருடன் இருக்குமாறு இளவரசர் மனைவியை வேண்டிக்கொண்டதாக ஹாராக் பின்னர் தெரிவித்தார். ஆளுநர் மாளிகையை அடைவதற்குள் சோபி இறந்துவிட்டார். சில நிமிடங்களில் இளவரசரும் இறந்தார்.

பிரின்சிப் ரொட்டி வாங்கித் தின்ன அக்கடைக்குச் சென்றிருந்தபோது தற்செயலாக இளவரசரைக் கண்டதாக ஒரு கதை பரவலாக உள்ளது. அக்காலச் சான்றுகள் எதிலும் இது இல்லை. முன்பு அறிவிக்கப்பட்ட வழி அத்தெருவிலேயே திரும்பியது. எனவே பிரின்சிப் அங்கு நின்றது எதிர்பார்ப்புடனேயே ஆகும்.

இறுதிச் சடங்கு

இருவரது உடல்களும் விரிபுஸ் யூனிடிஸ் என்னும் போர்க்கப்பலில் திரியெஸ்தேக்குக் கொண்டுவரப்பட்டன. பொஸ்னியப் பயணத்திற்கு இளவரசர் புறப்பட்டு வந்ததும் அதே கப்பலில்தான். வியன்னா அரண்மனைத் தேவாலயத்தில் ஜூலை 3 இல் உடல்கள் வைக்கப்பட்டபோது சோபியின் பேழை கணவரின் பேழையை விடத் தாழ்வாக வைக்கப்பட்டது. அதன்மேல் ஒரு சோடிக் கையுறையும் ஒரு விசிறியும் மட்டுமே இருந்தன. அவர் ஒரு காலத்தில் தோழிப் பெண்ணாக இருந்ததை அவை நினைவூட்டின.

ஹாப்ஸ்பர்க் மன்னர்களின் அடக்க இடத்தில் மனைவிக்கு இடம் கிடைக்காது என அறிந்திருந்த இளவரசர், ஆர்ட்ஸ்டெட்டன் கோட்டையில் தமக்கெனக் கல்லறை அமைத்திருந்தார். இருவரும் அங்கு அருகருகே அடக்கம் செய்யப்பட்டனர். வெளிநாட்டு மன்னர்கள் இறுதிச் சடங்கிற்கு அழைக்கப்படவில்லை. பேரரசரின் முதுமை காரணமாகக் கூறப்பட்டது. மன்னர்கள் அங்கு கூடியிருந்தால் நெருக்கடியைப் பேசித் தீர்க்க ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும் எனக் கருதுவோர் உண்டு.

கொலையிலிருந்து போருக்கு

ஓர் அரசியல் கொலை தானாகவே போராக மாறுவதில்லை. இதற்குச் சான்று ஹாப்ஸ்பர்க் குடும்பத்திலேயே உண்டு. பிரான்ஸ் ஜோசப்பின் மனைவி பேரரசி எலிசபெத் 1898 இல் ஜெனீவாவில் இத்தாலியர் ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ 1894 இல் மற்றோர் இத்தாலியரால் கொல்லப்பட்டார். இவற்றால் இத்தாலியுடன் எந்நாடும் போருக்குச் செல்லவில்லை. 1914 இல் வேறுபட்டவை மூன்று. கொலையைப் பயன்படுத்திக்கொள்ள ஆயத்தமாக ஒரு போர்த்தரப்பு வியன்னாவில் இருந்தது. வல்லரசுகள் ஒன்றையொன்று உடன்படிக்கைகளால் பிணைத்திருந்தன. படைதிரட்டும் திட்டங்கள் தொடர்வண்டி அட்டவணைகளைப் போல நாள் கணக்கில் வகுக்கப்பட்டிருந்தன.

கான்ராட் மீண்டும் போரை வலியுறுத்தினார். இம்முறை அவரைத் தடுக்க இளவரசர் இல்லை. வெளியுறவு அமைச்சர் பெர்க்டோல்டும் போரை ஆதரித்தார். ஹங்கேரியப் பிரதமர் இஸ்த்வான் திசா முதலில் எதிர்த்தார். ஜெர்மனியின் ஆதரவு கிடைத்தபின் ஜூலை நடுவில் அவரும் இணங்கினார். செர்பிய அரசுக்கு இக்கொலையில் பங்கு உண்டா என ஆராய அனுப்பப்பட்ட அதிகாரி வீஸ்னர், அதற்குச் சான்று இல்லை என்று ஜூலை 13 இல் அறிக்கை அனுப்பினார். செர்பிய அதிகாரிகள் சிலர் உதவியது உறுதி என்றும் அதே அறிக்கை கூறியது. முதற்பகுதி பொருட்படுத்தப்படவில்லை.

நிகழ்வுகளின் வரிசை பின்வருமாறு:

- ஜூன் 28: சாரயேவோவில் கொலை.
- ஜூலை 5-6: ஆஸ்திரியா என்ன செய்தாலும் ஆதரிப்பதாக ஜெர்மனி உறுதியளித்தது.
- ஜூலை 23: 48 மணி நேரக் கெடுவுடன் 10 கோரிக்கைகள் செர்பியாவிடம் தரப்பட்டன. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ரஷ்யப் பயணத்தை முடித்துப் புறப்படும்வரை ஆஸ்திரியா காத்திருந்தது.
- ஜூலை 25: செர்பியா பெரும்பாலானவற்றை ஏற்றது அல்லது பிடிகொடாமல் பதிலளித்தது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்பதை மறுத்தது. ஆஸ்திரியா உறவைத் துண்டித்தது.
- ஜூலை 28: ஆஸ்திரியா-ஹங்கேரி செர்பியா மீது போர் அறிவித்தது.
- ஜூலை 30: செர்பியாவுக்கு ஆதரவாக ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு ஆணையிட்டது.
- ஆகஸ்ட் 1: ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது.
- ஆகஸ்ட் 3: ஜெர்மனி, ரஷ்யாவின் நட்பு நாடான பிரான்ஸ் மீது போர் அறிவித்தது.
- ஆகஸ்ட் 4: ஜெர்மன் படைகள் நடுநிலை நாடான பெல்ஜியத்துள் நுழைந்தன. பிரித்தானியா ஜெர்மனி மீது போர் அறிவித்தது.

இடையில் திரும்பிச் செல்ல வாய்ப்புகள் இருந்தன. செர்பியாவின் பதிலை ஜூலை 28 காலையில் படித்த ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்லியம், இனிப் போருக்குக் காரணமில்லை என எண்ணினார். அன்றே ஆஸ்திரியா போர் அறிவித்தது. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலாஸ் ஜூலை 29 இரவு முழுப் படைதிரட்டல் ஆணையைத் திரும்பப் பெற்றார். தளபதிகளின் வற்புறுத்தலால் மறுநாள் மீண்டும் வழங்கினார். ரஷ்யாவும் பிரான்சும் ஒருசேரப் போரிட்டால், முதலில் பிரான்சை விரைந்து வீழ்த்த வேண்டும் என்பது ஜெர்மனியின் திட்டம். எனவே ரஷ்யா படைதிரட்டத் தொடங்கியபின் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பு என ஜெர்மன் தளபதிகள் கருதினர். பால்கன் பகுதியில் எழுந்த சண்டை பெல்ஜியத்தை வந்தடைந்தது இவ்வாறே.

போர் விரைவில் கடல் கடந்தது. சாரயேவோ கொலை நடந்து 86 ஆம் நாளான 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளின் மீது குண்டு வீசியது. அக்கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. பிரித்தானியாவுக்காகப் போரிட அனுப்பப்பட்ட இந்திய வீரர்களுள் 70,000 பேருக்கு மேல் உயிரிழந்தனர்.

கொலையாளிகள் மீதான வழக்கு

1914 அக்டோபரில் சாரயேவோவில் வழக்கு நடைபெற்றது. ஆஸ்திரியச் சட்டப்படி குற்றம் நடந்தபோது 20 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை விதிக்க முடியாது. 1894 ஜூலையில் பிறந்த பிரின்சிப்புக்கு 20 வயது நிரம்ப ஒரு மாதத்துக்கும் குறைவான காலமே இருந்தது. அவருக்கும் சாப்ரினோவிச், கிராபெஸ் ஆகியோருக்கும் 20 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மூவரும் போர் முடிவதற்கு முன்பே சிறையில் இறந்தனர். பிரின்சிப் 1918 ஏப்ரல் 28 இல் தெரேசின் கோட்டைச் சிறையில் காசநோயால் இறந்தார். இலிச் உட்பட மூவர் 1915 பெப்ரவரியில் தூக்கிலிடப்பட்டனர். திமித்ரியேவிச்சை 1917 இல் செர்பிய அரசே வேறொரு குற்றச்சாட்டில் சுட்டுக் கொன்றது. குண்டு வீசாமல் விலகிய இளைஞர்களுள் ஒருவரான வாசோ சுப்ரிலோவிச் பின்னாளில் வரலாற்றுப் பேராசிரியராகவும் யுகோசுலாவிய அமைச்சராகவும் இருந்து 1990 இல் இறந்தார்.

பிள்ளைகள்

பெற்றோர் இறந்தபோது மூன்று பிள்ளைகளுக்கும் முறையே 12, 11, 10 வயது. ஹாப்ஸ்பர்க் குடும்ப உரிமைகள் அவர்களுக்கு இல்லை என்று தந்தை உறுதிமொழி அளித்திருந்தார். எனினும் போருக்குப் பின் ஹாப்ஸ்பர்க் சொத்துக்களைக் கையகப்படுத்திய செக்கோசுலோவாக்கிய அரசு, அவர்களுடைய கோனோபிஷ்டே கோட்டையையும் எடுத்துக்கொண்டது. 1938 இல் நாசிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது, அதனை எதிர்த்த மகன்கள் இருவரும் டாக்கவ் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டனர். இருவரும் உயிருடன் மீண்டனர்.

மதிப்பீடு

பிரான்ஸ் பெர்டினாண்ட் பேரரசரானால் என்ன செய்திருப்பார் என்பது விடை காண இயலாத கேள்வி. அவருடைய சீர்திருத்தங்கள் ஹங்கேரியில் உள்நாட்டுப் போரை மூட்டியிருக்கும் என்பாரும் உளர். பேரரசைக் காத்திருக்கும் என்பாரும் உளர். உறுதியாகக் கூறக்கூடியது ஒன்றுண்டு. 1914 ஜூலையில் செர்பியாவுடன் போர் வேண்டாம் என்று கூறும் வலிமையான குரல் வியன்னாவில் இல்லாமற் போனது. அக்குரலுக்கு உரியவரின் சாவே போருக்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

போர் பற்றிய அவருடைய கணிப்பும் பொய்க்கவில்லை. ரஷ்யப் பேரரசு 1917 இலும் ஹாப்ஸ்பர்க் பேரரசு 1918 இலும் வீழ்ந்தன. ஜெர்மன் பேரரசும் ஓட்டோமான் பேரரசும் அவற்றைப் பின்தொடர்ந்தன.

நினைவுச் சின்னங்கள்

- இளவரசர் சென்ற கார், அவர் அணிந்திருந்த இரத்தக் கறை படிந்த சீருடை ஆகியவை வியன்னாவின் படை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.
- கொலை நடந்த இடத்தில் 1917 இல் ஆஸ்திரிய ஆட்சியாளர் எழுப்பிய நினைவுத்தூண், போர் முடிந்தபின் அகற்றப்பட்டது.
- யுகோசுலாவியா காலத்தில் இலத்தீன் பாலம் பிரின்சிப் பாலம் என அழைக்கப்பட்டது. 1990களின் பொஸ்னியப் போருக்குப் பின் பழைய பெயரே மீண்டும் வழங்குகிறது.
- பிரின்சிப்புக்கு 2015 இல் பெல்கிரேடில் சிலை வைக்கப்பட்டது. அவர் விடுதலை வீரரா, பயங்கரவாதியா என்பதில் பால்கன் மக்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.